தேயிலைத் தோட்டத்து ரோட்டில் ரேடார்: வண்டியின் வேகமும் இடமும் அளக்கப் புதிதாக வருவோருக்கு

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் உள் ரோடு. பச்சை இலை மூட்டை ஏற்றுகிற பேட்டரி வண்டி ஒன்றுக்கு பிரேக் சோதனை நடந்துகொண்டிருந்தது. ட்ரைபாடில் ரேடார், பக்கத்தில் லேப்டாப், லேப்டாப்புக்கு மேலே குடை. வண்டி இறங்கி வந்தது. திரையில் 33 என்று விழுந்தது. ஓட்டி வந்த அண்ணா இறங்கி எட்டிப் பார்த்தார்.

"மீட்டர்ல நாப்பது காட்டுச்சுங்க சார். உங்க டப்பா முப்பத்து மூணுங்குது. எது பொய்?"

இரண்டுமே பொய். கூடவே ஓடிக்கொண்டிருந்த ஜி.பி.எஸ். 38 என்றது. வண்டி மீட்டர்கள் கொஞ்சம் கூட்டிக் காட்டும்படிதான் செய்யப்படுகின்றன, அது பழைய சங்கதி. ரேடார் ஐந்து கிலோமீட்டரை விழுங்கியது என் தப்பு. நிற்க வசதி என்று ரோட்டோர மேட்டில், வண்டி வரும் கோட்டுக்கு ஏறக்குறைய 30 டிகிரி சாய்வில் கருவியை வைத்திருந்தேன். 38-ஐ 30 டிகிரியின் கொசைனால், அதாவது 0.866-ஆல் பெருக்கிப் பாருங்கள். 33 வந்து நிற்கும்.

இந்தத் தொழிலில் முக்கால்வாசி அதுதான். ரேடார் தன் பார்வைக் கோட்டின் மேல் வண்டி எவ்வளவு வேகமாக நெருங்குகிறது அல்லது விலகுகிறது என்பதை மட்டும் சொல்லும். அதைத் துல்லியமாகச் சொல்லும். அந்தக் கோட்டுக்கும் ரோட்டுக்கும் என்ன கோணம் என்பதை அளந்து கொடுப்பது நம் வேலை. கோணம் அளக்கச் சோம்பல்படுகிறவர் ரேடாருக்குக் காசு செலவழிக்க வேண்டாம்.

உள்ளே நடப்பது

ஓடுகிற வண்டியில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் கொஞ்சம் மாறியிருக்கும். கிறிஸ்டியன் டாப்ளர் 1842-இல் சொன்ன விஷயம். அனுப்பிய அலையையும் திரும்பிய அலையையும் கலந்தால், வித்தியாசம் மட்டும் காதில் கேட்கக்கூடிய அதிர்வெண்ணில் வெளியே வரும். மனப்பாடம் செய்ய இரண்டு எண்கள் போதும். 24.125 கிகாஹெர்ட்ஸ் ரேடாரில் மணிக்கு 1 கி.மீ. வேகத்துக்கு 44.7 ஹெர்ட்ஸ். 10.525 கிகாஹெர்ட்ஸில் 19.5 ஹெர்ட்ஸ். ஆக 24-இல் 40 கி.மீ. வேகம் என்றால் ஏறக்குறைய 1,790 ஹெர்ட்ஸ், ஒரு விசில் சத்தம். ஹெட்போன் மாட்டிக்கொண்டால் வண்டி பிரேக் போடுவதைக் காதாலேயே கேட்கலாம், விசில் அப்படியே இறங்கி அடங்கும். புதிதாக வருகிற பையன்களை முதல் நாள் நான் திரையைப் பார்க்க விடுவதில்லை, கேட்கத்தான் சொல்வேன்.

போலீஸ் கையில் பார்த்துப் பழகிய கருவிதான் இது என்றாலும், அதன் பிறப்பே சோதனைக்காகத்தான். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்காவில், விமானங்களின் இறங்குசக்கரம் ஏன் சேதமாகிறது என்று கண்டுபிடிக்க, தரையை நோக்கி அவை இறங்கும் வேகத்தை அளக்கச் செய்தார்கள். ரோட்டுக்கு வந்தது அதற்கு அப்புறம்.

வாங்க வேண்டியவை

பழகுவதற்கு விலை குறைந்த ரேடார் மாட்யூல் போதும். 10.525-க்கு எச்.பி.100, 24.125-க்கு சி.டி.எம்.324. கையில் காசிருந்தால் நேராக 24-க்குப் போங்கள். அதே வேகத்துக்கு இரண்டு மடங்குக்கு மேல் ஹெர்ட்ஸ் கிடைக்கும், சீக்கிரம் கணக்குப் போடலாம். வானொலி அலை அனுப்பும் கருவி என்பதால், தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு தரும் ஈ.டி.ஏ. என்கிற கருவி வகை ஒப்புதல் சான்று இருக்கிறதா என்று விற்பவரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

மாட்யூலிலிருந்து வரும் சிக்னல் மிகச் சன்னம். எல்.எம்.358 என்கிற பெருக்கிச் சில்லு ஒன்றை வைத்து இரண்டு கட்டமாக ஆயிரத்திலிருந்து பத்தாயிரம் மடங்கு பெருக்கி, லேப்டாப்பின் மைக் துளையில் கொடுத்தால் வேலை முடிந்தது. சவுண்ட் கார்டுதான் நம் பதிவுக் கருவி.

மின்சாரத்தில் ஒரு பொறி இருக்கிறது. எல்லாரும் பவர்பேங்க் எடுத்து வருவார்கள். இந்த மாட்யூல் இழுப்பது 30 மில்லியாம்பியர் சொச்சம்தான். இவ்வளவு குறைவாக இழுத்தால், ஒன்றும் மாட்டவில்லை என்று நினைத்துப் பல பவர்பேங்குகள் அரை நிமிடத்தில் தானே அணைந்துவிடும். அணையாவிட்டாலும் அதன் உள்ளிரைச்சல் சிக்னலில் ஏறும். யு.பி.எஸ்.ஸில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரியும், அதை 5 வோல்ட்டாகக் குறைக்கும் 7805 சில்லு ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். கனம்தான், ஆனால் ஏமாற்றாது.

மேசையில் ஒரு பரீட்சை

ரோட்டுக்குப் போகும் முன் பட்டறையிலேயே சரிபார்க்க வேண்டும். பிளஸ் ஒன் பிசிக்ஸ் லேபில் சோனாமீட்டரோடு ஒரு பெட்டி இசைக்கவைகள் இருக்குமே, 256-இல் தொடங்கி 512 வரை, அதைக் கேட்டு வாங்குங்கள். ஒன்றை ரப்பரில் தட்டி ரேடாரின் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி, கிளையின் அகலப்பக்கம் தெரியும்படி பிடியுங்கள். 512 ஹெர்ட்ஸ் கவைக்கு 24 கிகாஹெர்ட்ஸ் கருவி 11.5 கி.மீ. காட்ட வேண்டும். 10.525-இல் 26.3. காட்டினால் ஆம்ப்ளிஃபையரும் கணக்குப் போடும் நிரலும் சரி. இது கோணத்தைச் சோதிக்காது, அதை மறக்க வேண்டாம்.

முதல்முறை எச்.பி.100-ஐ மேசையில் வைத்தபோது ஒன்றுமே அசையவில்லை, திரையில் 5 கி.மீ. நின்றுகொண்டே இருந்தது. கதவைச் சாத்தினோம், ஃபேனை நிறுத்தினோம், மூச்சைக்கூட அடக்கிப் பார்த்தோம். கடைசியில் தலைக்கு மேலே இருந்த டியூப் லைட். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அதன் உள்ளிருக்கும் வாயு வினாடிக்கு 100 முறை ஒளிர்ந்து அடங்குகிறது, ரேடார் அலையும் அதற்கேற்பப் பட்டுத் திரும்புகிறது. 100-ஐ 19.5-ஆல் வகுத்தால் 5.1. ஸ்விட்சை அணைத்ததும் பேய் போய்விட்டது.

இடம் தேடுதல்

சமவெளிக்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை. மத்தியப் பிரதேசத்துப் பீதம்பூரில் 11.3 கி.மீ. நீளத்துக்கு அதிவேகப் பாதையே போட்டு வைத்திருக்கிறார்கள். நமக்கு நீலகிரியில் நேராக நூறு மீட்டர் கிடைத்தால் அதிர்ஷ்டம். குன்னூர், கல்லட்டி மலைப்பாதைகளில் இந்த வேலையை வைத்துக்கொள்ளவே கூடாது. பொது ரோட்டில் ட்ரைபாடைப் பார்த்ததும் பைக்காரர்கள் பதறிப்போய் நடுரோட்டிலேயே ஹெல்மெட்டை மாட்டத் தொடங்குகிறார்கள், அது வேறு ஆபத்து. தோட்டத்து மேனேஜரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, இலை பறிக்கும் ஆட்கள் எந்தப் பக்கம் இருப்பார்கள் என்று மேஸ்திரியிடம் கேட்டு, இரு முனையிலும் ஆள் நிறுத்திவிட்டு ஆரம்பியுங்கள்.

அடுத்தது சரிவு. கொத்தனார்கள் வைத்திருக்கும் தண்ணி டியூபே போதும். பத்து மீட்டர் தூரத்துக்கு இரு முனையிலும் தண்ணி மட்டத்தைக் குறித்தால் எவ்வளவு இறக்கம் என்று தெரிந்துவிடும். பத்து மீட்டருக்கு 80 சென்டிமீட்டர் என்றால் 8 சதவீதம். கல்லாறிலிருந்து குன்னூர் வரை மலை ரயில் பல்சக்கரம் போட்டு ஏறுகிற சரிவு ஏறக்குறைய இதுதான். வேக அளவையில் இந்தச் சரிவு பெரிதாக உதைக்காது. ரேடாரை ரோட்டுக்கு இணையாக வைத்தால் சரிவோடு ஓடும் வேகமே கிடைக்கும். கிடைமட்ட வேகம் தரும் ஜி.பி.எஸ்.ஸோடு ஒப்பிட்டாலும் 0.3 சதவீதம்தான் வித்தியாசம். பிரேக் கணக்கில்தான் உதைக்கும். 8 சதவீத இறக்கத்தில் வினாடிக்கு வினாடி 0.8 மீட்டர் வேகத்தைப் பூமி கூட்டிக்கொண்டே இருக்கும். அதனால் இறக்கத்தில் ஒன்று, ஏற்றத்தில் ஒன்று என்று ஜோடியாக ஓட்டிச் சராசரி எடுக்க வேண்டும்.

சரிவை அளப்பதைப் பற்றிப் பேசும்போது எனக்கு எப்போதும் ஊட்டி முத்தோரையின் ரேடியோ தொலைநோக்கி நினைவுக்கு வரும். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 1970-இலிருந்து வேலை செய்கிறது. அந்த இடத்தின் அட்சரேகை 11 டிகிரி சொச்சம், அவர்கள் தேடிப் பிடித்த மலைச்சரிவும் அதே 11 டிகிரி சொச்சம். அதனால் அதன் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகப் படுத்திருக்கிறது. வானத்தைத் தொடர்ந்து பார்க்க ஒரே அச்சில் சுழற்றினால் போதும். கோணத்தை முதலில் முடிவு செய்துவிட்டு அப்புறம் இரும்பை நட்டவர்கள்.

கருவியை நிறுத்துதல்

வண்டி ஓடும் கோட்டிலேயே ரேடாரை வைப்பதுதான் சரி, ஆனால் பிரேக் பிடிக்காவிட்டால் கருவியும் போகும், நீங்களும் போவீர்கள். ஆகவே கோட்டிலிருந்து 2 மீட்டர் தள்ளி, பம்பர் உயரத்தில் வையுங்கள். இப்போது வண்டி நெருங்க நெருங்கக் கோணம் விரியும். 50 மீட்டரில் 2.3 டிகிரி, பிழை ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லை. 20 மீட்டரில் அரை சதவீதம். 10 மீட்டரில் 2 சதவீதம். 5 மீட்டரில் 7 சதவீதம். நான் 15 மீட்டருக்குள் வந்த எண்ணை எடுப்பதில்லை. அதனால் வண்டி முழுசாக நிற்க வேண்டிய இடமே ரேடாரிலிருந்து 15 மீட்டர் தாண்டி இருக்கும்படி கோன் வைக்கிறேன். ஒரு விஷயத்தில் ரேடாரை நம்பலாம்: அசையாமல் நிற்கும் ரேடாரில் கோணப்பிழை வேகத்தைக் குறைத்துத்தான் காட்டும், ஒருநாளும் கூட்டாது.

விலை குறைந்த மாட்யூலின் பார்வை 80 டிகிரி அகலம். வண்டியோடு சேர்த்து, காற்றில் ஆடும் கற்பூர மரக்கிளை, எதிர்ச்சரிவில் நடக்கிற ஆள், எல்லாம் அதில் விழும். ஒருநாள் காலை ஏழு மணிக்குப் பதிவில் 4 கி.மீ. வேகத்தில் ஒரு பட்டை. நடுவில் தடித்த கோடு, அதன் மேலும் கீழும் அலையலையாகக் கொடுக்குகள். திரும்பிப் பார்த்தால் ரோட்டைக் கடந்து சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது ஒரு காட்டெருமை. தடித்த கோடு உடம்பு, கொடுக்குகள் முன்னும் பின்னும் வீசுகிற கால்கள். வண்டியின் பதிவில் அந்தக் கொடுக்கு இருக்காது, ஒற்றைக் கோடாக வரும். இப்படித்தான் ஒன்றை ஒன்றிலிருந்து பிரிக்கிறோம்.

பேட்டரி வண்டிகளின் உடம்பு ஃபைபர் என்றால் அலை சரியாகத் திரும்பாது. மூன்று முக்கோண அலுமினியத் தகடுகளைப் பெட்டி மூலை மாதிரி ஒன்றுக்கொன்று செங்குத்தாகச் சேர்த்து, குழிப்பக்கம் ரேடாரைப் பார்க்கும்படி வண்டியின் முன்னால் கட்டுங்கள். விளிம்பு 10 சென்டிமீட்டர் என்றால் 24 கிகாஹெர்ட்ஸில் 2.7 சதுர மீட்டர் பொருளுக்குச் சமமாகத் தெரியும், 15 சென்டிமீட்டர் என்றால் 13-க்கு மேல். கோணம் கொஞ்சம் தப்பினாலும் வந்த திசையிலேயே அலையைத் திருப்பி அனுப்பும். இடம் அளக்கும்போது இதற்கு இன்னொரு பயனும் உண்டு, கீழே வருகிறது.

ஓட்டிப் பதிவது

முதல் நாலு ஓட்டம் பிரேக் இல்லாமல் சீராக, 20 கி.மீ.யில். 50 மீட்டருக்கு இரண்டு கோடு சுண்ணாம்பில் போட்டு ஸ்டாப்வாட்ச் பிடியுங்கள், 9 வினாடி வர வேண்டும். கை தாமதத்தால் 2 சதவீதம் முன்னே பின்னே இருக்கும். ரேடார் அதற்கும் மேல் விலகினால் கோணத்தைத் திரும்பப் பாருங்கள்.

அப்புறம் பிரேக். இங்கே புதியவர்கள் எல்லாரும் தடுக்கி விழும் ஒரு கல் உண்டு. அதிர்வெண் பிரிக்கும் நிரலுக்கு எவ்வளவு நீளமான துண்டு கொடுப்பது? வினாடிக்கு 8,000 மாதிரிகள் எடுத்து, 1,024 மாதிரிகளை ஒரு துண்டாகக் கொடுத்தால் 0.17 கி.மீ. வரை நுணுக்கமாகப் பிரிக்கும். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அந்தத் துண்டு 0.128 வினாடி நீளம். நல்ல பிரேக்கில் வினாடிக்கு 5 மீட்டர் வேகம் குறைகிறது என்றால், அந்தத் துண்டுக்குள்ளேயே வண்டி 2.3 கி.மீ. வேகம் இழந்துவிட்டது. கூர்மையாகத் தெரிய வேண்டிய கோடு குழம்பாகத் தெரியும். 256 மாதிரி கொடுத்தால் நுணுக்கம் 0.7 கி.மீ., துண்டுக்குள் மாறும் வேகம் 0.6 கி.மீ. இரண்டும் கிட்டத்தட்டச் சமம், அங்கேதான் நிற்க வேண்டும். துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று முக்கால்வாசி ஏறும்படி நகர்த்தினால் கோடு விட்டுவிட்டு வராமல் தொடர்ச்சியாக வரும்.

இலையசைவைத் தள்ள 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுவது வழக்கம். அப்படி வெட்டினால் கடைசி 3 கி.மீ. வேகம் திரையில் தெரியாது. வண்டி மாயமாக நிற்பது போல இருக்கும். அந்தத் துண்டை மட்டும் முந்தைய கோட்டை நீட்டி நிரப்பிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சிறு நகர்வுக்கும் வேகத்தை நேரத்தால் பெருக்கிக் கூட்டிக்கொண்டே போனால் நிற்கும் தூரம் வந்துவிடும். 30 கி.மீ.யிலிருந்து 5 மீட்டர் வீதம் குறைந்தால் 1.7 வினாடி, 7 மீட்டர். டேப் வைத்து ரோட்டில் அளந்ததோடு ஒரு சாணுக்குள் ஒத்துப்போனால் அன்றைக்கு மதியச் சாப்பாடு இறங்கும்.

இடத்தை அளக்க வேண்டுமென்றால்

மேலே சொன்ன மாட்யூல் வண்டி எங்கே இருக்கிறது என்று சொல்லாது. தூரம் வேண்டுமென்றால் அதிர்வெண்ணைச் சீராக ஏற்றி இறக்கும் வகை ரேடார் வேண்டும். 1 மில்லிவினாடியில் 200 மெகாஹெர்ட்ஸ் ஏற்றினால், அலை போய்த் திரும்புவதற்குள் அனுப்பும் அதிர்வெண் நகர்ந்துவிடும், அந்த வித்தியாசத்தில் 30 மீட்டர் தூரத்து வண்டி 40,000 ஹெர்ட்ஸாகத் தெரியும். ஓடுகிற வண்டி தன் டாப்ளரையும் அதில் கலக்கும். 40 கி.மீ. வேகம் 1.3 மீட்டர் பொய்த் தூரம் காட்டிவிடும். அதற்குத்தான் ஏற்றமும் இறக்கமும் இரண்டும் வேண்டும், ஒன்றில் கூடுகிற பிழை மற்றதில் குறையும், சராசரியில் அடிபட்டுப் போகும், வித்தியாசத்திலிருந்து வேகமும் கிடைக்கும்.

இன்னொரு கேள்வி: வண்டியின் எந்தப் புள்ளிக்குத் தூரம்? நம்பர் பிளேட், ஹெட்லைட், பம்பர் என்று எதிரொலி இங்கும் அங்கும் தாவும். முன்னே சொன்ன அலுமினிய மூலை இங்கேதான் கைகொடுக்கிறது, அது ஒரே புள்ளி. பக்கவாட்டு இடமும் வேண்டுமென்றால் அருகருகே இரண்டு ஆன்டெனாவில் அலையின் ஏற்ற இறக்கம் எவ்வளவு முன்பின்னாக வந்து சேர்கிறது என்கிற கட்ட வித்தியாசத்திலிருந்து கோணம் எடுக்க வேண்டும். கொண்டை ஊசி வளைவில் ஒற்றை ரேடாரை வைத்து இதைச் செய்ய ஆசைப்பட வேண்டாம். வளைவின் நடுவில் வண்டி குறுக்கே போகிறது, பார்வைக் கோட்டில் வேகம் பூஜ்யம், கருவிக்கு அது நின்ற வண்டி. வானம் திறந்திருந்தால் அங்கே ஆர்.டி.கே. ஜி.பி.எஸ். நல்லது, பக்கத்தில் நிலையாக நிற்கும் இன்னொரு கருவியை வைத்துப் பிழையைத் திருத்திக்கொள்ளும் வகை அது. சில்வர் ஓக் நிழலில் அதுவும் தள்ளாடும்.

வண்டியிலேயே கட்டினால்

சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும்போது சக்கர சென்சார் பூஜ்யம் என்று சொல்லும், வண்டி போய்க்கொண்டிருக்கும். அந்தச் சோதனைக்கு ரேடாரை வண்டியின் அடியில், தரையை 45 டிகிரியில் பார்க்கும்படி கட்டுவார்கள். பிரேக் போட்டதும் மூக்கு 2 டிகிரி குனிந்தால் போதும், முன்பக்கம் பார்க்கும் ரேடார் 3.5 சதவீதம் குறைத்துச் சொல்லும். முன்னே ஒன்று பின்னே ஒன்று கட்டிச் சராசரி எடுத்தால் அந்தப் பிழை வேகத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாமல் போகிறது. ஈரமான வழுவழு கான்கிரீட்டில் மட்டும் ஜாக்கிரதை: அலை கண்ணாடியில் பட்டதுபோல அப்பால் போய்விடும், திரும்பி வராது.

மேகம் இறங்கினால்

மதியத்துக்கு மேல் மேகம் இறங்கி, பத்தடிக்கு அப்பால் கோன் தெரியாமல் போகும். ரேடாருக்குக் கவலையில்லை, பனித்துளி அதன் 12 மில்லிமீட்டர் அலைக்கு ஒன்றுமே இல்லை. ஓட்டுபவருக்குத் தெரியாது என்பதால் சோதனையை நிறுத்துங்கள். மழை வேறு கதை. துளிகள் பெரிது, அவையும் விழுந்துகொண்டிருக்கின்றன, அடியில் இரைச்சல் ஏறும். அதைவிட மோசம் கருவியின் முகத்தில் படியும் தண்ணீர்ப் படலம், சிக்னலையே குடித்துவிடும். மெல்லிய பாலித்தீன் உறை போட்டு, ஒவ்வோர் ஓட்டத்துக்கும் முன் துடைத்துவிடுங்கள்.

நோட்டில் ஓட்டத்துக்கு ஒரு வரி: நேரம், மேலிருந்தா கீழிருந்தா, மூட்டை எவ்வளவு, டயர் காற்று, ரோடு ஈரமா, ரேடார் கோட்டிலிருந்து எத்தனை மீட்டர். வேகத்தை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளாமல், சவுண்ட் கார்டில் வந்த ஒலியை அப்படியே கோப்பாகச் சேமியுங்கள். நான் அந்த 33-ஐத் திருத்தியது அன்று இரவு வீட்டில் உட்கார்ந்து, பதிவைத் திரும்ப ஓட்டித்தான். ஒலி இல்லாமலிருந்தால் மறுநாள் மறுபடியும் மூட்டைகளை ஏற்றி, வண்டியை மேலே கொண்டுபோய், அந்த அண்ணாவின் முகத்தில் விழித்திருக்க வேண்டும்.